அஜிஷாவுக்காகச் சுகமாயிருந்தவர்கள்

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நர்ஸ் என்றால் எந்த ஆஸ்பத்திரி என்பார்கள். ஆஸ்பத்திரியைச் சொன்னால் எந்த வார்டு என்பார்கள். வார்டு இல்லை, வீடு வீடாகப் போகிறாள் என்றால், போய் என்ன செய்கிறாள் என்பார்கள். அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போய், "இன்றைக்கு உங்களுக்கு வெளிக்குப் போனது என்ன நிறம்?" என்று கேட்கிறாள் என்பதை ஒரு மனிதன் பாறசாலை டாக்சி ஸ்டாண்டில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வான்?

அஜிஷா சொல்வாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். அவள் குரல் அப்படி. கொல்லயில் என்கிற எங்கள் ஊரில், சபையின் பாட்டுக்குழுவில் நின்று வளர்ந்த குரல். மார்த்தாண்டத்தில் நர்சிங் படித்து, சவுதியில் வேலை பார்த்து, கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அதற்குக் காரணம் நான் என்று நான் சொல்லிக்கொள்வேன். அங்குள்ள வெயில் என்று அவள் சொல்வாள்.

அவள் வேலையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாகக் குழாய் விட்டு, இரைப்பைக்குள் வளர்ந்திருக்கிற கெட்ட சதையைச் செதுக்கி எடுக்கிற வைத்தியம் ஒன்று உண்டு. செதுக்கிய இடம் புண்ணாகக் கிடக்கும். சிலருக்கு அந்தப் புண்ணிலிருந்து ரத்தம் கசியும். உடனே என்று இல்லை, வீட்டுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் கசியலாம். வயிற்றில் கசிகிற ரத்தம் குடல் வழியாகப் போய், தார் மாதிரி கறுப்பாக வெளியே வரும். நிறம் கேட்பது அதற்காகத்தான். கசிவைத் தடுக்க ஒரு வெள்ளைப் பொடியைத் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி சோதித்துக்கொண்டிருந்தது. குழாய் வழியாகவே புண்மேல் ஊதுவார்கள், ஈரம் பட்டதும் பசையாகி ஒட்டிக்கொள்ளும். முதலில் இறைச்சிக்கடையில் வாங்கிய பன்றியின் இரைப்பையில் சோதித்தார்கள், பிறகு மயக்கம் கொடுத்த பன்றியில், இப்போது சம்மதித்த மனிதர்களில். பன்றியில் சோதித்த வீடியோவை அஜிஷா எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினாள். நான் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் பொடி போடமாட்டார்கள். பாதிப் பேருக்குப் பொடி, பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் சொல்வதில்லை, அஜிஷாவுக்கும் சொல்வதில்லை. தெரிந்தால் அவள் கேள்வி கேட்கிற விதமே மாறிவிடுமாம். பிறகு எந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்குக் கசிந்தது என்று பார்ப்பார்கள். இதைச் சம்மதம் வாங்கும்போதே ஒவ்வொருவரிடமும் இரண்டு பாஷையிலும் விளக்கியிருந்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பனச்சமூட்டிலிருந்து அதியன்னூர் வரைக்கும் உள்ள நோயாளிகளை அஜிஷாவிடம் விட்டார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரியில் மலையாளம் பேசிவிட்டு, வலியை மட்டும் வீட்டில் தமிழில் சொல்கிறவர்கள். அதைப் புரிந்துகொள்ள ஊர்க்காரி வேண்டும் என்று டாக்டர் ஸ்மிதா இவளைத் தேர்ந்தெடுத்தார். என் காரை அவர்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆக, நான் டிரைவர், அவள் என் முதலாளி. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆரம்பத்தில் ஆண்கள் இவளைக் கண்டதும் வாழைத்தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். இவள் விடவில்லை. பெயின்ட் கடைக்காரன் வைத்திருக்கிற மாதிரி ஒரு நிற அட்டையை எடுத்து நீட்டி, "இதுல எது மாமா?" என்பாள். கொஞ்ச நாளில் வெட்கம் போனது. வெட்கம் போன இடத்தில் பாசம் வந்தது. மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். பொடி ஆஸ்பத்திரியுடையதாக இருந்தது போய், அஜிஷாவுடையதாகிவிட்டது. "ஒனக்க பொடி பாஸாவுமா மக்கா?" என்று பனச்சமூடு சந்தையில் மீன் விற்கிற பெண் கேட்டாள். சபையில் பாஸ்டர் ஜெப விண்ணப்பங்களை வாசிக்கும்போது, நம் சகோதரி அஜிஷா செய்கிற ஆராய்ச்சி ஜெயமாய் முடிய வேண்டும் என்று ஒரு விண்ணப்பம். யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கொல்லயில் ஸ்ரீகுமாரி மாமி அதற்கும் மேலே போய், கோயிலில் புஷ்பாஞ்சலி நடத்தப் பெயரும் நட்சத்திரமும் வேண்டும் என்றாள். எங்களுக்கு நட்சத்திரம் பார்க்கிற வழக்கம் கிடையாது மாமி என்று அஜிஷா சிரித்தாள். மாமி பிறந்த தேதியைக் கேட்டு, போனில் தட்டி, "சித்திரையாக்கும்" என்று கண்டுபிடித்துவிட்டாள். வயிற்றில் புண்ணோடு கிடப்பது அவள் புருஷன். பூஜை இவள் பெயரில்.

எனக்கு இதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. அஜிஷாவுக்குத்தான் லேசாக உறுத்தியது. "இவங்க என்னத்துக்கு இதப் பரீட்சை மாதிரி நினைக்கிறாங்க?" என்று ஒருநாள் காரில் கேட்டாள். நான், உன்னைப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான் என்றேன்.

ஸ்ரீகுமாரி மாமியின் புருஷன் கிருஷ்ணன்குட்டி மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டக்டர் வேலை அவரை விட்டுப் போகவில்லை. அவர் வீட்டுக்குப் போகிற வழி ஒரு காருக்குமேல் கொள்ளாது, ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஓடை. திரும்ப வேண்டுமானால் பின்னாலேயே எடுக்க வேண்டும். நாங்கள் கிளம்பும்போதெல்லாம் மாமா கூடவே ரோடு வரை வந்து, காரின் பின்பக்கம் நின்று, "போட்டு, போட்டு, போட்டு, இடத்தொடி" என்று, வரட்டும், இடப்பக்கம் ஒடி என்று கூவி, ரோட்டில் ஏறியதும் காரின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்புவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் செய்தவர்.

அன்று காலையில் நல்ல மழை விட்டிருந்தது. மாமா வாசல் பக்கத்து சிட்டவுட் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேலே போர்வை. மழைக் குளிர் என்றார். அஜிஷா நிற அட்டையை எடுத்தாள். அவர் பார்க்காமலேயே மஞ்சள் பக்கத்தைத் தொட்டார்.

"தலைசுற்று வல்லதும் உண்டா மாமா?"

"ஒண்ணுமில்ல மக்கா. பரம சுகம்."

"வாந்தி?"

"ஏய், எதுக்கு?"

அவள் நாடி பிடித்தாள். பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். "வேகமா இருக்கே?"

"இப்பதான் பின்னால ஓடைய அள்ளிட்டு வந்தேன். மழையில்லியா, அடைச்சுப் போச்சு."

மாமி கதவுநிலையில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். டீ கொண்டுவரவில்லை. விரலில் குத்தி ரத்தத்தின் அளவு பார்க்க வேண்டும் என்று அஜிஷா ஊசியை எடுத்தபோது, மாமா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். விரலில் நேற்றுதான் கத்தி பட்டது, நாளைக்குக் குத்து என்றார். அஜிஷா ஒரு நிமிஷம் யோசித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் அவர் ஒரு பதில் வைத்திருந்தார், ஒவ்வொரு பதிலும் நம்பும்படி இருந்தது, அவளும் நம்ப விரும்பினாள். சரி, நாளைக்குக் கட்டாயம் வருவேன் என்று பையை மூடினாள்.

நான் காரைப் பின்னால் எடுத்தேன். மதிலில் இடித்தேன். பின்விளக்கு உடைகிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு, மதிலைக் கட்டியவன் முதல் மழையை அனுப்பியவர் வரை எல்லாரையும் வைதேன்.

அஜிஷா வையவில்லை. திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா வரல்ல," என்றாள்.

"யாரு?"

"மாமா பின்னால வந்து நிக்கல்ல. எழும்பவே இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். இடித்த காரை நான் முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தேன். நான் பிரேக்கை மிதித்து, அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது அவள் நாற்காலிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"எழும்பி நில்லுங்க மாமா."

"என்னத்துக்கு மக்கா? இருந்துட்டுப் போறேன்."

"நில்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், கண்டக்டரின் பழைய வீம்போடு நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். எழுந்தவர் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். உதடு வெள்ளையானது. கால் மடங்கியது. நானும் அஜிஷாவும் இரண்டு பக்கமும் பிடிக்காவிட்டால் சிமென்ட் தரையில் மண்டை உடைந்திருக்கும். போர்வை விழுந்தது. உள்ளங்கை காகிதம் மாதிரி இருந்தது. அஜிஷா அவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அவளிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. 

ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் அது நெய்யாற்றின்கரையிலிருந்து வரவேண்டும். காத்திருக்க முடியாது என்று அவரைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தினோம். தலை அஜிஷாவின் மடியில். அவள் பையிலிருந்து சலைன் பாட்டிலை எடுத்து, மேலே கைப்பிடியில் மாட்டி, ஓடுகிற காரில் ஊசி ஏற்றினாள். முதல் தடவை நரம்பு கிடைக்கவில்லை. ரத்தம் குறைந்த உடம்பில் நரம்பு ஒளிந்துகொள்ளுமாம். "மெதுவா போங்க!" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "வேகமா போங்க!" என்றாள். நான் இரண்டையும் செய்தேன் என்று நினைக்கிறேன். இரண்டாவது தடவை ஊசி ஏறியது.

உதியன்குளங்கரையில் மெயின் ரோட்டில் ஏறி, அமரவிளைப் பாலம் தாண்டியதும் மாமா ஒருக்களித்து வாந்தி எடுத்தார். காபித்தூளைக் கரைத்து ஊற்றினது போல இருந்தது, அதற்குள் சிவப்பாகக் கட்டிகள். முன் இருக்கையில் மாமி, "எனக்க பகவதியே" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அஜிஷா ஒரு கையால் போனைப் பிடித்து டாக்டர் ஸ்மிதாவிடம் பேசினாள், மறு கையால் அவர் வாயைத் துடைத்தாள். எல்லாம் தயாராக இருக்கும், ரத்தமும் எடுத்து வைத்திருப்போம், நேரே கொண்டுவா என்றார் டாக்டர்.

பாலராமபுரம் சந்திப்பில் வழக்கம்போல அடைத்துக்கொண்டு கிடந்தது. லாரிக்குப் பின்னால் லாரி. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்போது பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"மக்கா."

"பேசாதீங்க மாமா."

"இத எழுதாத."

அஜிஷா அவர் வாயை மறுபடி துடைத்தாள்.

"கேட்டியா? வழியில வந்தது ஆருக்கும் தெரியாண்டாம். வீட்டுல விழுந்தேன்னு மட்டும் எழுது."

"வாய மூடுங்க மாமா," என்றாள் அவள். அவளுடைய அந்தப் பெரிய குரல் உடைந்து எங்கேயோ போய்விட்டிருந்தது. சாகக் கிடக்கிற மனுஷன் எதற்கு எதை எழுதாதே என்கிறார் என்று எனக்கு அந்த நேரத்தில் விளங்கவில்லை. ஒரு போலீஸ்காரர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், பார்த்ததும் லாரியை ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே நின்றது. அவரைக் கொண்டுபோனார்கள், கதவை மூடினார்கள். நாங்கள் மூன்று பேரும் வெளியே நீண்ட பெஞ்சில் உட்கார்ந்தோம். அஜிஷாவின் சுடிதாரில் முழங்கால்வரை ரத்தம்.  பிறகு அஜிஷா, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்போ முதலாக்கும் மாமி?"

மாமி முந்தானையை வாயில் வைத்தாள்.

"மாமி. எப்போ முதலாக்கும் கறுப்பா போவுது?"

"முந்தாநாள் முதல்."

"முந்தாநாளும் நான் வந்தேன். கேட்டேன். மஞ்சள்னு காட்டினாரு."

"நான் சொல்லலாம்னு பறஞ்சேன் மோளே. அவரு விடல்ல. சத்தியம் வாங்கினாரு. இந்தப் பொடி தோத்துப்போனா ஒனக்க வேல போவும், மறுபடியும் சவுதிக்கு ஓடணும், நம்ம கொச்சுப் பொண்ணு எத்தன நாள் மழையும் வெயிலும் பாக்காம அலைஞ்சதாக்கும், நம்மளால தோக்கக்கூடாதுன்னு. தானே நின்னுபோவும், ரெண்டு நாள் பொறுப்போம்னு."

அஜிஷா எழுந்தாள். எனக்கு அவளைத் தெரியும், அதனால் நானும் எழுந்தேன். பிரயோஜனம் இல்லை. "என்ன ஆரு பாஸாக்கச் சொன்னா?" என்று அவள் போட்ட சத்தத்தில் நடைபாதையின் அந்தக் கோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் கேட்டேனா? எனக்க பேருல பூ போடச் சொன்னேனா? உங்க புருஷன் செத்தா அந்தப் பூவ எங்க கொண்டு வைப்பீங்க? அவரு கண்டக்டரா இருந்தாரே, பிரேக் இல்லாத வண்டிக்கு டிரைவர் மனசு நோவும்னு பெல் அடிச்சு விடுவாரா?" செக்யூரிட்டிக்காரர் வந்து, பதுக்கே, பதுக்கே, மெதுவாகப் பேசுங்கள் என்றார்.  மாமி குனிந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கத்தி முடித்ததும் அஜிஷா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதைப் பெண்பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்றுதான்.

மாமா பிழைப்பாரா என்று எங்களுக்குத் தெரியாது. உள்ளே போகிற நர்சுகள் முகத்தைப் பார்த்து எதையாவது ஊகிக்கப் பார்த்தேன். ரத்தப் பைகளோடு ஒருவர் ஓடினார். திரும்ப இன்னொருவர் ஓடினார். மாமி ஜெபிக்கச் சொன்னாள், அஜிஷா கண்ணை மூடினாள், உதடு அசையவில்லை. கொடுத்த டீ ஆறி ஆடை கட்டியது.

கடைசியில் டாக்டர் ஸ்மிதா வெளியே வந்தார். கோட்டயத்துக்காரர், எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும், ஆனால் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். முதலில் மாமியின் தோளைத் தொட்டு, "ரக்ஷப்பெட்டு", பிழைத்துவிட்டார் என்றார். புண்ணின் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் வாய் திறந்திருந்தது, கிளிப் போட்டு அடைத்துவிட்டோம், இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் கொண்டுவந்து பயனில்லை என்றார். மாமி அவர் காலில் விழப் போனாள், நான் பிடித்துக்கொண்டேன்.

பிறகு டாக்டர் அஜிஷாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் நானும் கேட்கிற தூரத்தில்தான். அவசர நிலைமையில், யாருக்குப் பொடி போட்டது என்கிற மறைப்பைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு, பார்த்தாயிற்று, இவர் இனிமேல் இந்த ஆராய்ச்சியில் இல்லை என்றார். "அவருக்குப் பொடி போடவே இல்லை, அஜிஷா. வழக்கமான வைத்தியம்தான்."

அஜிஷா அவரையே பார்த்தாள்.

இல்லாத பொடியைத் தோற்கவிடாமல் காப்பாற்ற அந்த மனிதர் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு சிரித்திருக்கிறார். மறைக்காமல் சொல்லியிருந்தால், பொடி இல்லாதவருக்குக் கசிந்தது என்று அது பொடிக்குத்தான் நல்ல கணக்காகப் போயிருக்கும். எனக்கு இதைக் கேட்டதும் ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. மாமாவின் மேல் வந்த கோபத்தையும் எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

"என்ன மாத்துங்க டாக்டர்," என்றாள் அஜிஷா. "என்னைத் தெரியாத யாரையாவது அனுப்புங்க. கொல்லத்துலயிருந்தோ, கண்ணூர்லயிருந்தோ. யாராவது."

"அவர்களுக்கு உன்னைத் தெரியும் என்பதால்தானே உன்னை எடுத்தோம்."

"அதுதான் தப்பு."

மறுநாள் பார்க்க விட்டார்கள். மாமாவின் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. எங்களைக் கண்டதும் கண்டக்டர் சிரிப்பு சிரித்தார். அஜிஷா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களுக்கு அந்தப் பொடி போடல்ல."

"ஏ?"

"பாதிப் பேருக்குத்தான் போடுவோம்னு அண்ணைக்கே சொன்னோம் இல்லியா? நீங்க மத்தப் பாதியாக்கும். உங்க வயித்துல பொடியே இல்ல."

அவர் கூரையைப் பார்த்தார்.  நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்போ நான் ஆருக்கு வேண்டியாக்கும் இத்தன ரத்தத்தக் கொட்டினது?"

"எனக்கு வேண்டி," என்றாள் அஜிஷா. "அதாக்கும் எனக்குத் தாங்கல்ல மாமா. நீங்க செத்திருந்தா நான் இந்த ஊருல எந்த வழியா நடப்பேன்?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலேயே பேசினார்.

"மக்கா, ஒரு காரியம் உண்டு. நான் மட்டுமில்ல."

அஜிஷா நிமிர்ந்தாள்.

"டீச்சரும் நானும் ஒரே நாளாக்கும் இங்க கிடந்தது. பக்கத்து பக்கத்து கட்டிலு. அப்பமே தீருமானிச்சோம், என்ன வந்தாலும் அந்தக் கொச்சுட்ட ஒண்ணும் பறையக்கூடாதுன்னு. அவங்க ரொம்ப உறுதியாக்கும்."

சத்யபாமா டீச்சர். அதியன்னூர். அவரும் அஜிஷாவின் நோயாளி, வீட்டில் தனியாக இருக்கிறவர், மகன் கனடாவில். நேற்று அவர் வீட்டுக்கும் போக வேண்டிய நாள். மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் போகவில்லை. அஜிஷா போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். நாங்கள் படியிறங்கும்போதும் அது அடித்துக்கொண்டேயிருந்தது.

உடைந்த பின்விளக்கோடு, ரத்தக் கறை போகாத இருக்கையோடு, வந்த வழியே திரும்பினேன். அஜிஷா வழியெல்லாம் போனை அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூட, வேகமாகப் போங்கள் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டீச்சர் வீட்டு கேட் திறந்தே கிடந்தது. நாங்கள் இறங்கி ஓடினோம். டீச்சர் முன்னறையில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சேலை கட்டி, பவுடர் போட்டு, உதட்டில் சிரிப்போடு. எனக்கு ஒரு மூச்சு வந்தது.

"வா மக்கா. நேத்து காணல்லியே. போன் உள்ள கிடக்கு, எழும்ப மடியும் சோம்பலும். எனக்குப் பரம சுகம்."

அஜிஷா நிற அட்டையை எடுக்கவில்லை. நாடியும் பிடிக்கவில்லை. தரையில், டீச்சரின் காலடியில் உட்கார்ந்து, கிருஷ்ணன்குட்டி மாமா அமரவிளையில் எடுத்த வாந்தியைச் சொன்னாள். வெள்ளையான உதட்டைச் சொன்னாள். அவர் வயிற்றில் பொடியே இல்லை என்பதைச் சொன்னாள். டீச்சரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பவுடருக்குக் கீழே முகம் என்ன நிறம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்போ எனக்கு?"

"தெரியாது டீச்சரே. உண்டா இல்லியான்னு எனக்குச் சொல்லமாட்டாங்க. உண்டுன்னாலும் இப்ப அது எதுக்கு?"

டீச்சர் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளைப் பாஸாக்கிவிட்டவர்.

"நீ தோத்துப்போவியே, மக்கா," என்றார் கடைசியில். 

"தோக்கட்டு," என்றாள் அஜிஷா. "நான் தோத்துட்டுப் போறேன். நீங்க இருங்க. எனக்கு அது போதும்."

நான் டீச்சரைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் உட்கார வைத்தேன். கனமே இல்லை. கார் ரோட்டில் ஏறியதும், யாரும் கேட்காமலேயே டீச்சர் பேச ஆரம்பித்தார். நேற்று காலை முதல். கறுப்பு. தார் மாதிரி, ஒட்டுகிற மாதிரி. நாற்றம் வேறு மாதிரி. இரவு எழுந்தபோது கண் இருட்டியது. ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒழுங்கோடு, வெட்கப்படாமல், ஒன்றையும் விடாமல் சொன்னார். பின் இருக்கையில் அஜிஷா அவர் நாடியைப் பிடித்தபடியே, மறு கையால் ஒவ்வொன்றையும் போனில் பதிந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் ஒரு வார்த்தையும் தவறவில்லை.